ஓரக்கல்லும் உள்காயமும்



இன்று உங்களோடு மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற ஒருவன், சக்கரத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி உடையவன் என்று நீங்கள் வினவலாம். தகுதி உண்டு. ஆனால், அதனைப் படித்துப் பெறவில்லை. ஒரு தவறு செய்து பெற்றேன். அத்தவற்றை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொண்டு, அதனால் அறிந்தவற்றைப் பின்னர்க் கூறுகிறேன்.

நீங்களும் இன்னும் சில ஆண்டுகளில் வண்டி ஓட்டப் போகிறவர்கள். பதினெட்டு வயது நிரம்பியவர் கார் ஓட்டும் உரிமம் பெறலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். வண்டியை எவ்வாறு கிளப்புவது, எவ்வாறு திருப்புவது, எவ்வாறு நிறுத்துவது என்பனவற்றைப் பயிற்சி நிலையங்களில் கற்பிக்கிறார்கள். வண்டி ஒரு கல்லில் இடித்துக்கொண்ட பின்னர் என்ன செய்ய வேண்டும் என்னும் பாடத்தை நம்மில் பெரும்பாலோர் இடித்துக்கொண்ட பிறகே கற்கிறோம். நானும் அவ்வாறே கற்றேன்.

ஓய்வு பெற்ற பின்னரே நான் கார் ஓட்டப் பழகினேன். கார் என் மகனுடையது. ஈராண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாத மாலையில், திருச்சிராப்பள்ளியில் கடைத்தெருவுக்குச் சென்று சில பண்டங்கள் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் விடியற்காலையில் என் மகனும் மருமகளும் பேரக் குழந்தைகள் இருவரும் அக்காரில் கோயம்புத்தூருக்குப் புறப்படுவதாக இருந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. அவர்களுடைய வழிப்பயணத்திற்கு வேண்டிய பழமும் பிஸ்கட்டுமே நான் வாங்கிய பண்டங்கள்.

ஒரு தெருத் திருப்பத்தில் சிறுவன் ஒருவன் சைக்கிளில் திடீரெனக் குறுக்கே வந்தான். நான் இடப்பக்கம் ஒடித்தேன். சிறுவனுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. அவன் திரும்பியும் பாராமல் போய்விட்டான். ஆனால், காரின் முன் இடச் சக்கரம் நடைமேடையின் ஓரக்கல்லில் மோதி, அதன்மேல் ஏறி, மறுபடியும் தொப்பென்று சாலையில் விழுந்தது. அப்போது வண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருக்கலாம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஓரக்கல்லோ இடப்பக்கம் இருக்கிறது. நம் கண்ணுக்கு எட்டாத மூலையில் உள்ள சக்கரமே அடிக்கடி அடிபடுவதற்கு இதுவே காரணம்.

கீழே இறங்கிப் பார்த்தேன். ரிம்மின் விளிம்பில் இரண்டு விரல் நீளத்திற்கு ஒரு சிராய்ப்பு. டயரின் பக்கத்தில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற ஒரு கோடு. கைக்குட்டையால் அக்கோட்டைத் துடைத்தேன். அது மறைந்துவிட்டது. மீண்டும் ஏறி வண்டியைக் கிளப்பினேன், வண்டி ஓடிற்று. வண்டி ஓடுகிறது, ஆகவே பழுது இல்லை என்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வுத் தாளில் இவ்வாறு வாதம் செய்திருந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

வீடு திரும்பும் வழியில் ஒன்றைக் கவனித்தேன். வண்டி நேராகச் செல்ல வேண்டுமானால் ஸ்டியரிங் சக்கரத்தைச் சிறிது வலப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. கவனித்தேன், ஆயினும் பொருட்படுத்தவில்லை. வீட்டை அடைந்ததும் மற்றொரு காரியம் செய்தேன். இதனைச் சொல்ல எனக்கு இன்றும் நாணமாக இருக்கிறது. வழக்கத்திற்கு மாறாக, இடப்பக்கம் மதிற்சுவரை ஒட்டி இருக்குமாறு வண்டியை நிறுத்தினேன். சிராய்ப்பு எவர் கண்ணிலும் படவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறுபது வயதைக் கடந்தவன், தன் மகன் கடிந்துகொள்வானோ என்று அஞ்சி ஒரு கீறலை மறைத்துவிட்டுப் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன். 'சிறு கீறல்தானே, இதனைப் பெரிதுபடுத்துவானேன்' என்று ஒரு மனம் கூறும். 'கீறல் மட்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்? உள்ளே பார்த்தாயா?' என்று மற்றொரு மனம் கேட்கும். இந்த இரண்டாம் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு என் மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். குழந்தைகள் அரைத் தூக்கத்தில் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். நான் அருகில் சென்று நடந்ததைச் சொன்னேன். அவன் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"சொன்னது நல்லதாயிற்று, அப்பா. எந்தச் சக்கரம்? எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு, வண்டியைச் சுவரிலிருந்து வெளியே கொண்டுவந்து, ஸ்டியரிங்கை இடப்பக்கமாக முழுதும் திருப்பினான். வண்டியின் முன்னே தரையில் அமர்ந்து, கைவிளக்கின் ஒளியில் முன் இடச் சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. வண்டியைச் சிறிது உருட்டிச் சக்கரத்தின் மறுபாகத்தை முன்னே கொண்டுவந்து மறுபடியும் பார்த்தான். என்னையும் அழைத்துக் காட்டினான். டயரின் உட்பக்கச் சுவரில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அரிந்து ஒட்டிவைத்தாற்போல் ஒரு புடைப்பு எழும்பியிருந்தது.

நான் துடைத்த கோடு டயரின் வெளிப்புறத்தில் இருந்தது. ஆபத்தோ உட்புறத்தில் இருந்தது. நின்றபடி பார்ப்பவன் கண்ணுக்கு அது ஒருபோதும் தெரிந்திராது. அன்றைய பயணம் நின்றது.

மாணவர்களே, அப்புடைப்பு யாது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். டயர் என்றால் வெறும் ரப்பர் என்று நாம் எண்ணுகிறோம். காற்றடைத்த டயருக்கு இங்கிலாந்தில் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது பெரிதும் பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் அதனை மீண்டும் கண்டுபிடித்து வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். அந்நாள் தொட்டு இந்நாள் வரை டயரின் வலிமை ரப்பரில் இல்லை. அதனுள்ளே பொதிந்திருக்கும் இழைகளில் இருக்கிறது. இக்காலத்துக் கார் டயர்களின் பக்கச் சுவரில், ஓர் ஓரத்திலிருந்து மற்றோர் ஓரம் வரை, நெருக்கமாக அடுக்கிய நூலிழைகள் ஓடுகின்றன. உள்ளே அடைபட்ட காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறக்குறைய 30 முதல் 35 பவுண்டு விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அவ்விசையைத் தாங்குபவை அவ்விழைகளே. ரப்பர் அவற்றைப் போர்த்திய தோல்.

சக்கரம் ஓரக்கல்லில் மோதும்போது டயர், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே அம்மிக்கும் குழவிக்கும் இடையே அகப்பட்ட பொருள்போல் நசுங்குகிறது. அந்தக் கணத்தில் சில இழைகள் அறுந்துவிடுகின்றன. மேலிருக்கும் ரப்பர் கிழிவதில்லை. இழை அறுந்த இடத்தில் காற்று ரப்பரை மட்டும் தள்ளிப் புடைக்கச் செய்கிறது. காற்றின் அழுத்தம் குறைந்த டயரும், பக்கச் சுவர் உயரம் குறைந்த டயரும் இவ்வாறு எளிதில் நசுங்கும். புடைத்த டயர் நெடுஞ்சாலையில் சூடேறி, ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்ந்து, எந்த நேரத்திலும் வெடிக்கக்கூடும். அதற்கு ஒட்டு இல்லை, தையல் இல்லை. அதனைக் கழற்றி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. பக்கச் சுவரில் சில வேளை ஒரு மெல்லிய பள்ளக் கோடு காணப்படும். அஃது இழைகளைச் சேர்த்த இடமாக இருக்கலாம், அதனால் கேடில்லை. பள்ளம் வேறு, புடைப்பு வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

என் மகன் அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினான். மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம் அல்லவா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு உண்டு. 1904ஆம் ஆண்டில் அத்தெருவில் செய்து விற்கப்பட்ட மாற்றுச் சக்கரத்தின் பெயரே நம் நாட்டில் இன்றும் வழங்கி வருகிறது. அதனை மாட்டிக்கொண்டு, கதவு திறக்கும் வேளை பார்த்து, மெதுவாக ஒரு பணிமனைக்குச் சென்றோம். நானும் உடன் சென்றேன். புதிய டயர் ஒன்று வாங்கினால் காரியம் முடிந்தது என்று எண்ணினேன். அதுவும் தவறு.

அப்பணிமனையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலாளர் இருந்தார். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பாக என்னிடம் கேட்டவை மூன்று கேள்விகள். "ஐயா, நேராக மோதிற்றா, சாய்வாக உரசிற்றா? மோதும்போது பிரேக்கில் கால் இருந்ததா? மோதிய பிறகு ஸ்டியரிங் நேராக நின்றதா?" நோயாளி உண்மையைச் சொன்னால்தான் மருத்துவருக்கு நோய் விளங்கும். நான் மூன்றிற்கும் உள்ளபடியே விடை கூறினேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்தே ஓட்டிவந்ததையும் சொன்னேன். என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதனை அவனிடம்கூட நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அத்தொழிலாளர் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் செய்தார். கருவி எதனையும் எடுக்கவில்லை. வலப்பக்க முன் சக்கரத்திற்கும் அதன் பின்னுள்ள மட்கார்டின் விளிம்புக்கும் இடையே தம் விரல்களைச் செருகிப் பார்த்தார். நான்கு விரல் நுழைந்தது. இடப்பக்கத்திற்கு வந்து அவ்வாறே செருகினார். மூன்று விரலே நுழைந்தது. "சக்கரம் ஒரு விரல் பின்னுக்குப் போயிருக்கிறது, ஐயா. டயரோடு போகவில்லை, உள்ளே லோயர் ஆர்ம் வளைந்திருக்க வேண்டும்" என்றார். பின்னர் வண்டியைத் தூக்கிவைத்துக் கழற்றிப் பார்த்தபோது அவர் கூற்று உண்மையாயிற்று.

இஃது எவ்வாறு நேர்ந்தது? கை ஊன்றிக் கீழே விழுந்தவனை நினைத்துப் பாருங்கள். அவன் உள்ளங்கையில் இருப்பது ஒரு சிராய்ப்பு மட்டுமே. ஆனால், எலும்பு முறிவது மணிக்கட்டில். சில வேளை தோளருகே உள்ள காறையெலும்பில். தரை தாக்கிய இடம் ஒன்று. தாக்குதல் சென்று தங்கிய இடம் வேறு. காரிலும் அப்படியே. கல் தாக்கும் இடம் டயர். டயரிலிருந்து அவ்விசை ரிம்முக்குச் செல்கிறது. ரிம்மிலிருந்து சக்கரத்தின் நடுவே உள்ள பேரிங்குக்குச் செல்கிறது. அங்கிருந்து கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் என்னும் கைக்கும், அதன் நுனியில் உள்ள பால் ஜாயின்ட் என்னும் மூட்டுக்கும் போகிறது. இரண்டாவது, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்திற்குக் கொண்டுவரும் டை ராட் என்னும் கோலுக்குப் போகிறது. மூன்றாவது, சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின் வழியே மேலே ஏறுகிறது. இவ்வாறு தூணும் கையும் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் முறையை வகுத்தவர் மக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கன்சல் கார்களில் இம்முறை இடம் பெற்றது. இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன் சக்கரங்கள் இம்முறையிலேயே அமைந்துள்ளன. ஆகவே அடிபட்ட வண்டியைச் சோதிப்பவன் சிராய்ப்போடு நின்றுவிடலாகாது. விசை சென்ற வழியைப் பின்தொடர்ந்து, டயர், ரிம், பேரிங், கை, மூட்டு, கோல், தூண் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செல்ல வேண்டும்.

அடியின் வலிமை வேகத்தைப் பொறுத்தது. இயக்க ஆற்றலைக் கணக்கிடும் முறையை நீங்கள் இயற்பியல் வகுப்பில் பயின்றிருப்பீர்கள். நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர், வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 12,500 ஜூல். வேகம் 36 கிலோமீட்டர் ஆனால் ஆற்றல் 50,000 ஜூல். வேகம் இரு மடங்கு. ஆற்றல் நான்கு மடங்கு. இவ்வாற்றல் முழுவதும் கல்லின்மேல் செலவாவதில்லை என்பது உண்மையே. ஆயினும், நிறுத்துமிடத்தில் ஊர்ந்து வந்து கல்லைத் தொடுவதும், ஓடுகிற வேகத்தில் கல்லில் ஏறுவதும் ஒன்றல்ல என்பதை இக்கணக்கு தெளிவாக்கும்.

இனி, இத்தகைய மோதல் நேர்ந்தால் வரிசையாகச் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறேன். குறித்துக்கொள்ள விரும்புவோர் குறித்துக்கொள்க.

முதலாவது, நில்லுங்கள். போக்குவரத்துக்கு இடையூறில்லாத சமதளமான இடத்தில் வண்டியை ஒதுக்கி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குங்கள். அவமானம் கருதி விரைந்து அகல்வது வேண்டாம்.

இரண்டாவது, டயரை முழு வட்டமும் பாருங்கள். வெளிச்சுவர், உட்சுவர் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். வெட்டு, புடைப்பு, வெளியே தெரியும் நூலிழை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அச்சக்கரத்தில் மேற்கொண்டு ஓட்டலாகாது.

மூன்றாவது, ரிம்மின் விளிம்பைப் பாருங்கள். கையாலும் தடவிப் பாருங்கள். இரும்பு ரிம் அடிபட்டால் வளையும். அலுமினியக் கலவை ரிம் வளையவும் கூடும்; விரிசல் விடவும் கூடும். விரிசல் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கலாம். சோப்பு நீரை விளிம்பு நெடுகத் தடவினால், காற்றுக் கசியும் இடத்தில் குமிழி எழும். மறுநாள் காலையில், வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும் வேளையில், காற்றின் அழுத்தத்தை மீண்டும் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு.

நான்காவது, வண்டியின் அடியில் தரையைப் பாருங்கள். எண்ணெயோ, பிரேக் திரவமோ, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோ சொட்டினால் வண்டியை ஓட்டாமல் பணிமனைக்குச் செய்தி அனுப்புங்கள்.

ஐந்தாவது, இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுங்கள். அந்தத் தொழிலாளர் செய்தது போல் விரலால் அளந்து பாருங்கள். ஒரு சக்கரம் மற்றதைவிடப் பின்தள்ளி நிற்கிறதா, தலை உள்ளே சாய்ந்து நிற்கிறதா என்று முன்னே நின்று நோக்குங்கள். இறைவன் நமக்கு இரு கண் கொடுத்ததும், வண்டி செய்தவன் இரு பக்கம் வைத்ததும் ஒப்பிட்டு அறியவே போலும். அளவுநூல் கையில் இல்லாதவனுக்கு, அடிபடாத பக்கமே அளவுநூல்.

ஆறாவது, இவற்றுள் எக்குறையும் காணவில்லையாயின், ஆளரவம் இல்லாத நேர்ச் சாலையில் மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டி ஒருபுறம் இழுக்கிறதா? நேராகச் செல்லும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? திருப்பியபின் தானே நடுவுக்கு மீள்கிறதா? மேடுபள்ளத்தில் டொக்கு டொக்கு என்னும் ஓசை கேட்கிறதா? வேகம் கூடக்கூடச் சக்கரத்திலிருந்து ரீங்காரம் எழுகிறதா? வளைந்த ரிம் ஸ்டியரிங்கை நடுங்கச் செய்யும். பழுதான பேரிங் ரீங்கரிக்கும். தளர்ந்த மூட்டு தட்டும். ஒவ்வோர் உறுப்பும் தன் நோயைத் தன் மொழியில் சொல்கிறது. கேட்கும் செவிதான் வேண்டும். இக்காலத்து வண்டிகளில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உரிய எச்சரிக்கை விளக்குகளும் உண்டு. அவை எரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

ஏழாவது, மூட்டுகளின் ஆட்டத்தைச் சோதிப்பது. இதனைப் பணிமனையில், பழகியவர் முன்னிலையிலேயே செய்ய வேண்டும். மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வண்டியைத் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துவார்கள். பின்னர்ச் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பற்றி அசைத்தால், டை ராட்டின் தளர்ச்சி கைக்குத் தெரியும். மேலும் கீழுமாகப் பற்றி அசைத்தால், பேரிங்கின் அல்லது பால் ஜாயின்டின் தளர்ச்சி தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு. தாங்கி நிற்பதற்கு அன்று.

எட்டாவதும் இறுதியானதும், அலைன்மென்ட் என்னும் அளவைப் பார்ப்பது. இதில் மூன்று கோணங்கள் உண்டு. நாம் நடக்கும்போது பாதங்கள் உட்புறம் நோக்குகின்றனவா, வெளிப்புறம் நோக்குகின்றனவா என்பதைப் போன்றது டோ. கால்கள் உள்ளே வளைந்தோ வெளியே அகன்றோ நிற்பதைப் போன்றது கேம்பர். சைக்கிளின் முன் கவட்டுத் தண்டு செங்குத்தாக நில்லாமல் சாய்ந்து நிற்கிறதன்றோ? அத்தகைய சாய்வு காஸ்டர்; கைப்பிடி தானே நேர்நிலைக்கு மீள்வது இச்சாய்வினால்தான். சக்கரங்களின் எடையைச் சமன் செய்யும் பேலன்ஸிங் என்பது வேறு வேலை, அலைன்மென்ட் வேறு. இரண்டையும் ஒன்றென மயங்கற்க.

இக்கோணங்கள் சிறிது பிறழ்ந்தால் என்ன கேடு என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் தான் செல்ல வேண்டிய திசையிலிருந்து ஒரே ஒரு பாகை பிறழ்ந்து நிற்பதாகக் கொள்வோம். ஒரு பாகையின் சைன் மதிப்பு ஏறக்குறைய 0.0175. ஆகவே ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் 17 மீட்டருக்குமேல் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. 200 கிலோமீட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டர்! டயர் ஒரு விளிம்பில் மட்டும் மழுங்கிப் போவதன் காரணம் இதுவே.

அன்று பணிமனையில் நான் கேட்ட ஒரு கேள்வியை இங்கே குறிப்பிட வேண்டும். லோயர் ஆர்மை மாற்றுவதற்கான செலவைக் கேட்டு நான் சற்றுத் தயங்கினேன். செலவுக்கு நானே காரணம் என்னும் எண்ணம் உறுத்தியது. "ஸ்டியரிங் கோணலாக நிற்பதுதானே குறை? அதை மட்டும் நேராக்கித் தர முடியாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "முடியும், ஐயா. டை ராட்டைச் சிறிது திருகினால் ஸ்டியரிங் நேராக நின்றுவிடும். பார்ப்பவர்களுக்குக் குறை தெரியாது. ஆனால் வளைந்த கை வளைந்தபடியே இருக்கும். கணக்கு முழுவதும் தப்பாக இருக்க, விடையை மட்டும் திருத்தி எழுதுவது போல ஆகிவிடும்" என்றார்.

நான் ஆசிரியன் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த உவமை என் நெஞ்சில் தைத்தது. முதல்நாள் மாலை கைக்குட்டையால் கோட்டைத் துடைத்ததும், சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தியதும் வேறென்ன? விடையை மட்டும் திருத்தி எழுதியதுதானே?

வளைந்த பாகத்தைச் சூடாக்கி அடித்து நிமிர்த்தலாமே என்றும் சிலர் கூறுவர். சைக்கிள் கடைகளில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பிகளை முடுக்கியும் தளர்த்தியும் செய்யும் அவ்வேலை வேறு. காரின் கைகளையும் மூட்டுகளையும் ஸ்டியரிங் கோல்களையும் அவ்வாறு நிமிர்த்துவது ஆபத்து. உலோகம் சூட்டினால் தன் உறுதியை இழக்கும். வளைந்து நிமிர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தங்கும். வளைந்ததை மாற்றுவதே முறை. அன்று அவ்வாறே மாற்றினோம். ரிம்மின் உள்விளிம்பும் வளைந்திருந்ததால் புதிய ரிம் பெற்றோம். அடிபடாத மற்றொரு முன் டயரும் தேய்ந்திருந்தபடியால் முன் டயர்கள் இரண்டையும் ஒரே அளவில் புதிதாகப் போட்டோம். மூன்றாம் நாள் அவர்கள் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டார்கள். சென்று சேர்ந்த செய்தி வரும்வரை நான் தொலைபேசியின் அருகிலேயே அமர்ந்திருந்தேன்.

மாணவர்களே, கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இப்பாடத்தைச் செய்து பார்க்கலாம். உங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன் சக்கரத்தைச் சுழற்றி, கவட்டில் விரலை ஊன்றி, ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் ரிம்மின் அருகே பிடியுங்கள். சக்கரம் நேராக இருந்தால் இடைவெளி மாறாது. கோட்டம் இருந்தால் அவ்விடத்தில் மட்டும் சுண்ணம் படியும். நின்றிருக்கும்போது தெரியாத கோணல் சுழலும்போது தெரிகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

முடிக்கும் முன்பாக மற்றொரு செய்தியைச் சொல்ல வேண்டும். இது வண்டியைப் பற்றியதன்று. நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஒரு மாணவன் ஆய்வுக்கூடத்துத் தராசைக் கீழே போட்டுவிட்டதாகத் தானே வந்து சொன்னான். நான் வகுப்பு முழுவதும் கேட்குமாறு அவனைக் கடிந்துகொண்டேன். சில நாள்களுக்குப் பின்னர் ஒரு வெப்பமானி உடைந்தது. எவரும் வந்து சொல்லவில்லை. உடைந்த துண்டுகளும் பாதரசத் துளிகளும் மேசை இழுப்பறைக்குள் கிடப்பதைத் தற்செயலாகக் கண்டேன். நஞ்சான பாதரசத்தை மறைத்துவைக்க அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நானே என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. என் மகன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொன்னது நல்லதாயிற்று, அப்பா" என்று கூறிய கணத்தில் விளங்கிற்று. அவன் என்னைக் கடிந்திருந்தால், ஸ்டியரிங் கோணலாக நின்றதை நான் பணிமனையிலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நம் முன்னோர் வளையாத கோலைச் செங்கோல் என்றும், வளைந்த கோலைக் கொடுங்கோல் என்றும் கூறினார்கள். நேராக இருத்தலையும் உண்மையாக நடத்தலையும் நேர்மை என்னும் ஒரே சொல்லால் குறித்தார்கள். பணிமனையில் நின்றபோது அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றே என்று கண்டேன். உண்மை சொல்லாத இடத்தில் சக்கரம் நேராவதில்லை.

நாளை நீங்கள் வண்டி ஓட்டுவீர்கள். என்றேனும் ஒரு நாள் ஓரக்கல்லில் இடிப்பீர்கள், இடிக்காதவர் அரியர். அன்று, நின்று, குனிந்து, உட்புறத்தைப் பாருங்கள். பிறகு, அவ்வண்டியில் அடுத்து ஏறப்போகிறவரிடம் உடனே சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் வந்து அவ்வாறு சொன்னால், கடிந்துகொள்வதற்கு முன் கைவிளக்கை எடுங்கள்.